கழுத்தில் மாட்டாத சப்பாத்து

கிள்ளானில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது ஓர் ஆன்டி என்னைப் பிடித்துக்கொள்வார். "நீ என்னம்மா வேல செய்ற?" என்பார். "ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங் ஆன்டி" என்பேன். ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ஓ, பந்து, பேட்டெல்லாம் விக்கிறியா?" என்பார். ஒரு காலத்தில் சோறு ஆறுவது தெரியாமல் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் "ஆமா ஆன்டி, உங்களுக்கு எத்தன வேணும்?" என்று கேட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்குகிறேன்.

ஆனால் பக்கத்தில் மகளை உட்காரவைத்து, "இவளும் உன்ன மாதிரி ஆவணும்னு சொல்றா, என்ன படிக்கணும்?" என்று கேட்டால் இலையை மூடிவிட்டு ஒழுங்காகப் பதில் சொல்வேன். விளையாடுகிறவர்களுக்குப் பணம் வேண்டும். சாமான் விற்கிற கம்பெனிக்கு நாலு பேர் பார்க்கிற இடம் வேண்டும். இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்து, சண்டை வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏறக்குறையக் கல்யாணத் தரகர் வேலைதான். என்ன, இங்கே தாலி கட்டிய பிறகும் தரகர் வீட்டோடு இருக்க வேண்டும். இந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன். தன்னடக்கமெல்லாம் எனக்கு வராது. வந்தால் சம்பளமும் ஏறாது.

படித்தது தனியார் கல்லூரியில் மக்கள் தொடர்பு டிப்ளோமா. தொழிலைக் கற்றது அங்கே இல்லை. வார இறுதிகளில் ஸ்டேடியம் வாசலில் நின்று, ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குச் சத்து பானத்தைச் சின்னக் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். பூச்சோங்கில் ஒரு பேரங்காடியில் பூப்பந்துப் போட்டி விளம்பரத்துக்காகப் புலி வேஷம் போட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வேர்த்து விறுவிறுத்து விழுந்தபோது, "புலி வேஷம் போடவா உன்னப் படிக்க வச்சோம்?" என்று அம்மா கேட்டார். கேட்டுக்கொண்டே விசிறியை என் பக்கம் திருப்பியும் வைத்தார். அம்மாவுக்குத் தெரியாது, புலித்தலைக்குள் இருந்துகொண்டு மனிதர்களை எவ்வளவு நன்றாகப் பார்க்கலாம் என்று. எந்த இடத்தில் நிற்கிறார்கள், எதைப் பார்த்ததும் கைப்பேசியை எடுக்கிறார்கள், எதற்கு முகத்தைச் சுளிக்கிறார்கள், எல்லாம் தெரியும். அப்புறம் அம்பாங்கில் ஓட்டப் பந்தயங்களுக்குப் பதாகை கட்டினேன். காற்றில் பறக்காமல் ஒரு பதாகை கட்டத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் மேலாளர் ஆவதை இன்றுவரை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு விளம்பர நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தேன். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே நாங்கள். பதினொரு மணிக்கே சாம்பார் வாசனை மாடியேறி வந்துவிடும். அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் ஒருவர் காதிலும் ஒன்றும் ஏறாது. முதலாளி சீனர், பெரிய குரல், கெட்ட மனசு கிடையாது. ஆனால் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார். ஒவ்வொரு முறையும் ஏதோ தானம் கொடுக்கிற மாதிரி பேனாவை நீட்டுவார்.

அந்த வருஷம் விளையாட்டு ஷூ, எங்கள் வழக்கில் சப்பாத்து, செய்கிற கம்பெனி ஒன்று எங்களிடம் வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பெண் பிள்ளைகளுக்கான காற்பந்துப் போட்டி ஒன்றுக்கு அதை ஆதரவாளராகப் பிடித்துக் கொடுத்தது நான்தான். கிள்ளான், அம்பாங், பத்துமலைப் பக்கமெல்லாம் போய், எந்தத் திடலில் கூட்டம் வரும், எந்தத் திடலில் மழை வந்தால் தவளைதான் வரும் என்று பார்த்து வைத்தேன். கம்பெனி முதலில் ஒரு வருஷத்துக்குத்தான் ஒத்துக்கொண்டது. ஆடுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சப்பாத்து கொடுத்தது. இறுதியாட்டம் நன்றாக நடந்தால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னது.

கீழ்க்கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே முதலாளி எனக்குக் கணக்கைச் சொன்னார். கையெழுத்தானால் நான் நிரந்தரம், அந்தக் கம்பெனியின் வேலை முழுக்க என் பொறுப்பு, எனக்குக் கீழே ஆள். கையெழுத்தாகவில்லையென்றால் இந்த முறை பேனா வராது. "புரிஞ்சிச்சா?" என்றார். புரிந்தது. தோசைதான் இறங்கவில்லை.

இறுதியாட்டம் கிள்ளானில், நான் பிறந்து வளர்ந்த ஊரில். சாயங்கால ஆட்டத்துக்குக் காலையிலேயே திடலுக்குப் போய்க் கூடாரம், ஒலிபெருக்கி, பதாகை எல்லாம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியின் லோரி வந்து பெட்டிகளை இறக்கியது. பதக்கங்கள் வெளிநாட்டில் இருக்கிற தலைமையகத்திலிருந்து நேராக வந்திருந்தன. எங்கள் கண்ணில் அவை அதுவரை பட்டதில்லை. புதுமையாக இருக்கும், பொறுத்திருந்து பார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

பெட்டியைப் பிரித்தேன். உள்ளே வட்டப் பதக்கம் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற குட்டிச் சப்பாத்து. கெட்டி ரப்பர், வெள்ளை நிறம், ஓரத்தில் தங்கக் கோடு, அடியில் குமிழ்கள்கூட வைத்துச் செய்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து ரசித்தேன். அப்புறம் அதில் கோத்திருந்த நீல நாடாவை விரித்துப் பிடித்தேன். அது யாருடைய கழுத்தில் தொங்கப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

கிள்ளான் குழுவின் பயிற்சியாளர் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எனக்கு அக்கா முறையாகப் பழக்கம். அவர் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இத யார் கழுத்துல மாட்டப் போறீங்க?"

"ஜெயிக்கற டீமுக்கு, ரெண்டாவதா வர்ற டீமுக்கு. எல்லாருக்கும்தான்க்கா."

அக்கா பெட்டியை மூடினார். "கொடும்பாவிக்குத்தாம்மா செருப்பு மால போடுவாங்க. எங்க பொண்ணுங்க என்ன தப்பு பண்ணாங்க?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். பெட்டியின் மேல் கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. தலைமையகத்தின் மேல், லோரியின் மேல், அந்த அழகான குட்டிச் சப்பாத்தின் மேல், எல்லாவற்றின் மேலும் வந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: அந்தக் கம்பெனி இந்த வருஷம் எல்லா நாட்டிலும் இதையேதான் செய்கிறது. கழுத்தில் சப்பாத்து, முகத்தில் சிரிப்பு, எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிப் படம். பரிசளிப்பு அவர்கள் சொல்கிற மாதிரிதான் நடக்கும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள், அவர்களே செல்ஃபி எடுத்துப் போடுவார்கள். நீதான் கிழவி மாதிரி யோசிக்கிறாய்.

"உனக்கு அந்த வேல வேணுமா, வேணாமா?"

"வேணும் பாஸ்."

"அப்ப வாய மூடிக்கிட்டு மாட்டு."

வேலை வேண்டும்தான். வாயை மூடுவதுதான் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. இருந்தாலும் அவர் சொன்னதில் ஒன்று என்னைக் குடைந்தது. பிள்ளைகளுக்கு நிஜமாகவே இது ஒரு பொருட்டில்லையோ? அவர்களுக்கே கவலையில்லாத ஒன்றுக்காக நான் ஏன் என் வேலையைத் தூக்கிப் பணயம் வைக்க வேண்டும்? ஆகவே யாரிடம் கேட்க வேண்டுமோ அவளிடமே கேட்டேன். கிள்ளான் குழுவின் கோல்கீப்பர். ஐந்தாம் படிவம் படிக்கிற பதினேழு வயதுக்காரி, குழுவுக்குத் தலைவியும் அவள்தான். கம்பத்துக்கு முன்னால் நின்று கையுறையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குட்டிச் சப்பாத்தை அவள் கையில் கொடுத்து, இதைக் கழுத்தில் மாட்டினால் என்ன நினைப்பாய் என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல லா அக்கா. க்யூட்டாதான் இருக்கு. பேக்ல மாட்டிக்குவேன்."

முதலாளி சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நான் மூச்சு விடுவதற்குள் அவள் சாலைப் பக்கம் பார்த்தாள்.

"ஆனா இன்னிக்கு எங்கப்பா வராரு."

அவளுடைய அப்பா போர்ட்டில், கிள்ளான் துறைமுகத்தில், கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். மகள் முதல் படிவத்தில் பந்தைத் தொட்ட நாளிலிருந்து வீட்டில் சண்டை. பொட்டப்பிள்ளை காலைக் காட்டிக்கொண்டு ஊர் முன்னால் ஓடுவதா என்று கேட்டவர், அதுவரை ஓர் ஆட்டம்கூட வந்து பார்த்ததில்லை. அம்மா எப்படியோ பேசிப் பேசி அன்றைக்கு வரவைக்கிறார்.

"அவரு முன்னாடி என் கழுத்துல சப்பாத்து மாட்டினீங்கன்னா, அதோட எனக்குப் பந்து முடிஞ்சிச்சுக்கா" என்றாள். அழுகை இல்லை, முறையீடு இல்லை. மழை வரப்போகிறது என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு மறுபடியும் கையுறையைத் தட்டினாள்.

மத்தியானத்துக்கு மேல் கம்பெனியின் விளம்பரப் பிரிவுத் தலைவி வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, கஞ்சி போட்ட மாதிரி நிமிர்ந்த நடை. மேடம் என்பதற்கு மலாயில் சொல்கிற மாதிரி, நாங்கள் புவான் என்று கூப்பிடுவோம். அவரோடு பேசுவதெல்லாம் ஆங்கிலமும் மலாயும் கலந்துதான். என் மனதில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் மக்களிடம் காலில் போடுவதைக் கழுத்தில் போட்டால் அது அவமானம், ஒருவரை ஊர் கூடிக் கேவலப்படுத்துகிற வழி அது, விளையாட்டாகக்கூடச் செய்ய மாட்டோம் என்று விளக்கினேன்.

"இது நிஜச் சப்பாத்து இல்லையே. பொம்மைதானே" என்றார்.

"நீங்க வீட்டுக்குள்ள போறப்ப சப்பாத்த எங்க கழட்டி வைப்பீங்க புவான்?"

"வாசலில்."

"பொம்மைச் சப்பாத்துன்னா உங்க அம்மா கழுத்துல மாட்டுவீங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. திடலில் ஒலிபெருக்கிக்காரர் "சத்து, துவா, தீகா" என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புரிகிறது" என்றார் கடைசியில். "என் தலைமையகத்துக்குப் புரியாது. அவர்களுக்கு வேண்டியது ஒரு படம். அதைக் காட்டாமல் மூன்று வருஷத்துக்கு நான் எப்படிக் கையெழுத்து வாங்குவேன்? இது உன் நிகழ்ச்சி, நீயே முடிவு செய். படம் இல்லையென்றால் கையெழுத்தும் இல்லை."

மிரட்டுகிற மாதிரி சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். அதனாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. முடிவு செய்வதற்கு எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பயம் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் பயத்தோடு வேலை செய்வது எனக்குப் புதுசில்லை. அந்தப் பிள்ளையின் பந்தை என் கையால் முடித்துவைத்துவிட்டு நிரந்தர வேலையில் உட்கார்ந்தால், அந்த நாற்காலி எனக்குக் குத்தும்.

பயிற்சியாளர் அக்காவும் நானுமாக உட்கார்ந்து எல்லாச் சப்பாத்துகளையும் நாடாவிலிருந்து கழற்றினோம். கம்பெனியின் பெயர் நாடாவில் பெரிசாக நெய்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருக்கிற விளம்பரக்காரி விழித்துக்கொண்டாள். சப்பாத்துதானே கழுத்துக்கு ஆகாது, பெயர் ஆகுமே. நாடாக்களை ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஆட்டம் தொடங்குகிற விசில் காதில் விழ, கிள்ளானின் லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குக் காரை விரட்டினேன்.

எனக்குத் தெரிந்த பூக்கடை அக்கா சாமந்தியைக் கோத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"என்ன மால வேணும்? கல்யாணமா, காரியமா?"

"பந்து வெளையாட்டுக்கா."

இப்போது நிமிர்ந்தார். "எத்தன?"

"ரெண்டு டீமுக்கு. வெளிய உக்காந்திருக்கற பிள்ளைங்களுக்கும் சேத்து."

"அலமாக். நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நேத்து எனக்கே தெரியாதுக்கா."

திட்டினார். திட்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார், எதிர்க்கடையிலிருந்த தங்கச்சியைக் கூப்பிட்டார். கோயிலுக்கென்று கட்டி வைத்திருந்த சாமந்தி மாலைகளை மூன்று கடையிலுமிருந்து சேர்த்தார்கள். நாடாவை மாலையின் அடியில் குஞ்சம் மாதிரி கட்ட வேண்டும், பெயர் முன்பக்கம் தெரிய வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எத்தன எம்.பி.க்கு மால கட்டியிருக்கேன், எனக்குச் சொல்லித் தர்றியா? அந்தப் பக்கம் போய் நில்லு" என்றார். அந்தப் பக்கம் போய் நின்றேன். என்னை அப்படி நிற்க வைக்க முடிந்தவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு.

இதற்குள் ஒரு மழை கொட்டி ஓய்ந்து, திடல் சேறாகியிருந்தது. நான் திரும்பி வந்தபோது ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்குழு அம்பாங். எங்கள் கோல்கீப்பர் ஒரு பந்தைப் பாய்ந்து தடுத்தாள், விழுந்தபோது விரல் மடங்கிவிட்டது. அடுத்ததை அந்தக் கையோடே தடுக்கப் போனாள், முடியவில்லை. கிள்ளான் தோற்றது. அம்பாங் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். இவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பரிசளிப்பு நடந்தது. வருகிற பிள்ளைகளின் கழுத்தில் சாமந்தி மாலை. குட்டிச் சப்பாத்தைக் கையில் கொடுத்தோம். அம்பாங் குழுவில் மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. மாலை விழுந்ததும் அவர்களுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது, ஒருத்தியை ஒருத்தி மாப்பிள்ளை என்று கேலி செய்து படம் எடுத்துக்கொண்டார்கள். சப்பாத்தைப் பைகளில் மாட்டி ஆட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்தில் சப்பாத்து இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. புவான் கூடாரத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் கைப்பேசியில் முதலாளியின் செய்தி வந்து விழுந்தது: "படம் எங்கே?" கைப்பேசியைப் பைக்குள் போட்டேன்.

கூட்டம் கலையத் தொடங்கியது. கோல்கீப்பர் திடல் ஓரத்துப் பலகையில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒருவர் கம்பி வேலியைத் தாண்டி வந்தார். சொல்லாமலே தெரிந்தது, அதே நெற்றி, அதே புருவம். தோற்ற பிள்ளையிடம் இந்த மனுஷன் ஏதாவது சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் வீங்கிய விரலோடு சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் அதைப் பார்த்தார். அப்புறம் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஈரத்தில் இறுகிப்போயிருந்த முடிச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தார். ஒரு காலைக் கழற்றினார், இன்னொரு காலைக் கழற்றினார். இரண்டையும் எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, காரை நோக்கி நடந்தார். சேறு அத்தனையும் அந்த வெள்ளைச் சட்டையில். பின்னால் அவள் காலுறையோடு, மாலையோடு நடந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அழாதவள் அங்கே நின்று அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

என் பக்கத்தில் யாரோ படம் எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். புவான். அவர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். படத்தில் அந்த மனிதர் தெளிவாக இருந்தார். நெஞ்சில் இரண்டு சப்பாத்து, சேற்றுக்கு நடுவில் கம்பெனியின் தங்கக் கோடு. மகள் சட்டகத்துக்கு வெளியே போயிருந்தாள்.

"யார் இவர்?"

"கோல்கீப்பரோட அப்பா."

புவான் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "இதை மேலே அனுப்பப்போகிறேன். இதற்கு நான் கையெழுத்து வாங்குவேன்" என்றார். "ஆனால் அவருடைய சம்மதம் இல்லாமல் ஒரு இடத்திலும் போட முடியாது. திங்கட்கிழமைக்குள் வாங்கிக் கொடு. வாங்க முடியவில்லையென்றால்..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எனக்கு முடிக்கத் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வீட்டு அடுக்குமாடிக்குக் கீழே இருக்கிற மாமாக் தேநீர்க் கடையில் அவரைச் சந்தித்தேன். பயிற்சியாளர் அக்கா சொல்லி வைத்திருந்தார். இந்தத் தொழிலில் நான் யாரை வேண்டுமானாலும் பேசி மடக்குவேன். பெரிய கம்பெனிக்காரர்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத வி.ஐ.பி.க்கள், எல்லாரையும் மடக்கியிருக்கிறேன். அன்றைக்குக் காரிலேயே எல்லா வாதங்களையும் அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து தே தாரிக்கை ஆற்றிக்கொண்டு என்னைப் பார்த்ததும், அதில் ஒன்றையும் எடுக்க மனசு வரவில்லை. கைப்பேசியில் இருந்த படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இத எங்க போடுவீங்க?"

"ரோட்டோரம் பெரிய போர்டா போடுவாங்க அண்ணே. எல்.ஆர்.டி. ஸ்டேஷன்ல வரும். போன்லயும் வரும்."

"அப்ப போர்ட்ல என்கூட லோரி ஓட்டறவனுங்க எல்லாரும் பாப்பானுங்க."

"பாப்பாங்க."

"பொண்ணோட சப்பாத்தத் தூக்கற ஆளுன்னு சொல்லுவானுங்க."

இல்லை அண்ணே, பெருமையாகத்தான் சொல்வார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் சொல்வதற்கென்றே நான் வைத்திருக்கிற வாக்கியம் அது. எத்தனையோ பேரிடம் சொல்லி ஜெயித்திருக்கிறேன்.

"சொல்லுவாங்க அண்ணே" என்றேன். "சில பேரு கண்டிப்பா சொல்லுவாங்க. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, இங்கயே அழிச்சிடலாம். அதனால உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. அவ எப்பவும் போல ஆடலாம்."

எனக்கு என்ன ஆகும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அது அவர் கவலை இல்லை. என் தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தேன்.

அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். தன் முகத்தைப் பெரிதாக்கவில்லை. சேறு படிந்த அந்தச் சப்பாத்துகளைப் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் யாரோ ரொட்டி சானாய் கேட்டுக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் பதில் குரல் கொடுத்தார்.

"போடுங்க" என்றார்.

"நெசமாவா அண்ணே?"

"போடுங்கம்மா. என் பேரெல்லாம் வேணாம்." கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். "கீழ ஒரு வரி மட்டும் எழுதணும்."

"என்ன எழுதணும் அண்ணே?"

"இது எம் மவ சப்பாத்துன்னு."